வாசலில் நின்ற குதிரை

தாராளமாக உட்காருங்கள். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கட்டுமா? மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்களே என்று கேட்டேன். அது குதிரை வாசனை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கழுத்தைத் தட்டிக் கொடுக்கலாம் என்று போனேன், அது முகத்தை என் தோளில் தேய்த்துவிட்டது. பந்தயக் குதிரையெல்லாம் இல்லை. வண்டிக் குதிரையும் இல்லை. வீட்டுக் குதிரை. வீட்டில் நாய் வளர்ப்பதில்லையா, அந்த மாதிரி. நீங்களும் உடுமலைதானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். கோபிக்குப் பக்கத்து ஊர். உயர்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் என்னிடம் படித்தவன் எவனும் இன்றைக்கும் என்னைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்துவான். பயமெல்லாம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் குதிரை விஷயத்தில் வாத்தியார் சொல் மாறிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், மாறினேனா இல்லையா என்று.

எனக்கு ஒரே மகள், கோகிலா. அவள் எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்து டாக்டரைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன், அது அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. டாக்டருக்கு விழுப்புரம் பக்கம். இளம்பரிதி என்று பெயர். பெயரைக் கேட்டால் என்ன ஆட்கள் என்று ஏதாவது தெரிகிறதா? தெரியக்கூடாது என்றுதான் அப்பன் அப்படி வைத்திருக்கிறான். அதுவும் மாட்டு டாக்டர். மனுஷ டாக்டராக இருந்தாலாவது நாலு பேரிடம் டாக்டர் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச்சை மாற்றலாம்.

நான் கத்தவில்லை. விசில் ஊதிப் பழகியவனுக்குக் கத்த வராது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் வந்து நின்றபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "இந்தக் கேட்டத் தாண்டி நீங்க வரக்கூடாது. இந்த ஊட்ல உங்களுக்கு ஆரத்தி கிடையாது." அவ்வளவுதான். கல்யாணமாகி முதலில் வருகிறவர்களை வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றாமல் எந்த வீட்டில் உள்ளே விடுகிறார்கள்? ஆரத்தி இல்லை என்றால் வாசல் இல்லை. போய்விட்டார்கள். ராஜாமணி, என் வீட்டுக்காரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் என்னிடம் அளவாகத்தான். "சாப்பாடு", "பால்காரர்", "கரண்ட் போச்சு". அதைத் தாண்டினால் தந்திக்குக் காசு கூடிவிடும் என்பது மாதிரி.

அவர்கள் மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போகாமல் நான் சுற்றிக்கொண்டுதான் நடைப்பயிற்சிக்குப் போவேன். ராஜாமணி என் மாதிரிதான், கண்டிப்பானவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள், அவ்வளவுதான் அவளுக்கு வெளியுலகம். தூக்குப்போசியில் ரசமோ குழம்போ எடுத்துக்கொண்டு போவாள், போசி காலியாகத் திரும்பும். இப்போதெல்லாம் சாமிக்கு ரசம்கூடப் படைக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சரி, குதிரைக்கு வருகிறேன்.

போன ஆடியில்தான் வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பாருங்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவனுக்கு அந்த மாதம் தீனிச் செலவு தண்டம். அதிலும் நொண்டுகிற குதிரை என்றால்? எவனோ அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்துகொண்டிருக்கிறேன், கால்பந்துக் கம்பங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நிற்கிறது. பெட்டைக் குதிரை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. சேணம் அழுத்திய இடத்தில் புண், ஈ மொய்க்கிறது. குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து, நுனி மேல்பக்கமாகச் சுருண்டு, நாடகத்தில் ராஜா வேஷக்காரன் போடுகிற செருப்பு மாதிரி இருந்தன. நெற்றியில் மட்டும் கொஞ்சம் ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ மாப்பிள்ளையைச் சுமந்த மிச்சம்.

நான் நடந்தால் பின்னாலேயே நடக்கிறது. நான் நின்றால் நிற்கிறது. எத்தனை பையன்களுக்கு இந்த ஒழுங்கு வந்தது சொல்லுங்கள்? பேக்கரிப் பொன்னுச்சாமி கடைவாசலில் நின்று, "வாத்தியாரே, ஜோனல் ஸ்போர்ட்சுக்கு ஆள் புடிச்சிட்டீங்களாட்ட இருக்குது" என்றான். என்னிடம் படித்தவன்தான். உயரம் தாண்டச் சொன்னால் குச்சிக்குக் கீழே புகுந்து போகிறவன்.

வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் கட்டினேன். ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "அய்யோ அம்மிணி, உன்னை யாரு இப்படி உட்டாங்க" என்றாள். அந்த அம்மிணி என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! கோகிலாவைத்தான் அப்படிக் கூப்பிடுவாள். இப்போது குதிரைக்கு. எனக்கு ஒன்றுமில்லை, மனுஷப் பேரை மிருகத்துக்கு வைத்தால் மிருகம் கெட்டுப்போகும் என்று சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குதிரைக்கு என்ன தீனி? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், கொள்ளு. கடைக்குப் போய் வாங்கி, ஊறவைத்து, ஒரு படி நிறைய வைத்தேன். என்ன வேகத்தில் தின்றது என்கிறீர்கள்! இன்னும் அரைப்படி வைத்தேன். பட்டினி கிடந்தவனுக்குப் போட்டால் அப்படியொரு திருப்தி. மத்தியானம் குதிரை படுத்துவிட்டது. எழுந்தது, மறுபடி படுத்தது, புரண்டது, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. வேர்த்துக் கொட்டுகிறது. நான் அஜீரணத்துக்கு நல்லது என்று ஓமத்தண்ணீர் காய்ச்சச் சொன்னேன். ராஜாமணி அடுப்படிக்குப் போகவில்லை. போனை எடுத்து, எதையும் பார்க்காமல், எண்ணை அழுத்தினாள். "தம்பி, உடனே வாங்க, உசுருக்குப் போராடுது" என்றாள். டாக்டர் எண் அவளுக்கு எப்படி மனப்பாடம் என்று கேட்கிறீர்களா? மருந்தக வாசலில் போர்டில் எழுதியிருப்பார்கள். கோயிலுக்குப் போகிற வழிதானே.

டாக்டர் வந்தார். நான் திண்டாடிக்கொண்டு நிற்கிறேன், அவர் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றார். நானும், "ம்" என்றேன். அது மிருக உயிர், அந்த நேரத்தில் 'ம்' சொல்லுவதில் தப்பில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மாதிரி ஏதோ மருந்தை இறக்கினார், ஊசி போட்டார். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் மேலும் கீழும் நடக்க வைத்தார். பொழுது சாயும்வரைக்கும் நடந்தார். குதிரை சாணி போட்டதும் மனுஷன் முகத்தில் என்ன சந்தோஷம், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்த மாதிரி.

"கொள்ளு யாரு சார் வச்சது?"

"பி.டி. சார்தான் வச்சாரு, ஒண்ணரைப் படி" என்றாள் ராஜாமணி. கோகிலா கல்யாணத்துக்கப்புறம் இந்த இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் பேசிய மிக நீளமான வாக்கியம்.

"பட்டினி கெடந்த வயிறு சார். பச்சைப்புல், காய்ஞ்ச புல், கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். ஆசையா அள்ளிப் போட்டா செத்துடும்" என்றார். தண்ணீர் கொடுக்கப் போனாள் ராஜாமணி. அவர் கேட்டுக்கு வெளியே நின்று குடித்தார். கேட்டைத் தாண்டவில்லை. ஒழுங்கு தெரிந்த ஆள் என்று அப்போதே நினைத்தேன்.

குதிரை ஈரத்தில் நிற்கக்கூடாது, காய்ந்த தரை வேண்டும், இல்லையென்றால் குளம்பு அழுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் காம்பவுண்டுக்குள் சிமெண்டுத் தரை போட்ட ஷெட் இருக்கிறது. ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிட்டு, வைக்கோல் பரப்பி, குதிரையைக் கூட்டிக்கொண்டு போனால், கேட்டில் நின்றுவிட்டது. இழுத்தேன். தள்ளினேன். வெல்லத்தைக் காட்டினேன். விசில்கூட ஊதிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அப்படியே நிற்கிறது. பொன்னுச்சாமி கடையை விட்டுவிட்டு வந்து, "என்னுங் சார், உங்க ஊட்டுக்குள்ள வாரதுன்னா அதுக்கும் தடையுங்களா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆடிச் சாரலில் சொதசொதத்த மரத்தடி ஈரத்தில் இரண்டு நாள் நின்றது. குளம்பில் நாற்றம் வர ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் ராஜாமணி உள்ளே போனாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குதிரைக்கு எதிரே நின்று, மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, தண்ணீரை ரோட்டில் ஊற்றினாள். குதிரை தலையை நிமிர்த்தி, என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"கல்யாணக் குதிரைங்க அது. மண்டப வாசல்ல ஆரத்தி எடுக்காம ஒரு நாளாச்சும் உள்ள போயிருக்குமா? அதுக்குத் தெரிஞ்ச முறை நமக்குத் தெரியல" என்றாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் இந்தக் கூத்துத்தான். நான் அதை மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போய்த் திரும்பினால், கேட்டில் நிற்கும். ராஜாமணி தட்டோடு வருவாள். கயிறு என் கையில் இருப்பதால் சுற்றுகிற ஆரத்தி எனக்கும் சேர்த்துத்தான். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தெருவில் பிள்ளைகள், "மாப்பிள்ளை வந்தாச்சு, மாப்பிள்ளை வந்தாச்சு" என்று கத்துவார்கள். ராஜாமணி தட்டை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். குதிரையைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருந்தாலும் நானும் பக்கத்தில்தானே நிற்கிறேன்.

புண் ஆறியது. விலா மறைந்தது. குளம்புதான் பாக்கி. ஒரே தடவையில் வெட்டக்கூடாதாம், வாரம் விட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிச் சரிக்குக் கொண்டுவர வேண்டுமாம். அதற்குச் சமதரை வேண்டும். ஷெட்டுக்குள்தான் முடியும். நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் ராஜாமணியிடம் சொன்னேன். "டாக்டர் வரலாம். அவன்தான் வரக்கூடாது." அவளுக்குப் புரிந்தது. பொன்னுச்சாமிக்குத்தான் புரியவில்லை. "ரெண்டு பேர்ல யாருங் சார் மொதல்ல செருப்பைக் கழட்டுவாங்க?" என்று கேட்டான். அவன் படிப்பு அவ்வளவுதான்.

ஆவணி மாதம், நல்ல வளர்பிறை. குதிரை வைத்தியத்துக்கு வளர்பிறை எதற்கு என்று தெரியவில்லை, ராஜாமணிதான் நாள் சொன்னாள். நான் குதிரையை நடத்திக்கொண்டு வருகிறேன், கேட்டில் டாக்டர் நிற்கிறார். பக்கத்தில் கோகிலா. குதிரை ஆம்பளையைக் கண்டால் உதைக்கிறது, காலைத் தூக்கும்போது தலையைப் பிடிக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும், மருந்தகத்தில் வேறு ஆள் இல்லை என்றார். நியாயம்தான். இளைத்திருந்தாள். குதிரையைச் சொல்லவில்லை.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"குதிரை பரவாயில்லை" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை. கயிற்றை யார் கையிலாவது கொடுக்க வேண்டும். பக்கத்தில் கோகிலா நின்றாள், கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி, புங்க மரத்தடிக்குப் போய்த் தும்மினேன். குதிரைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் டாக்டர். ராஜாமணி தட்டோடு வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தட்டில் அன்றைக்கு வெற்றிலை, அதன்மேல் சூடம். குதிரைக்கு ஒரு நாளும் சூடம் வைத்ததில்லை. மூன்று சுற்றுச் சுற்றுவாள், அன்றைக்கு எத்தனை சுற்றினாள் என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் சருகோ தூசியோ விழுந்துவிட்டது. குதிரை நெற்றியில் பொட்டு வைத்தாள். கை தவறி கோகிலா நெற்றியிலும் வைத்துவிட்டாள். அப்புறம் கை தவறி டாக்டர் நெற்றியிலும். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது அவளுக்கு.

குதிரை உள்ளே போயிற்று. குதிரை போனால் கயிறு பிடித்தவள் போகத்தானே வேண்டும்? அவள் போனால் குளம்பு வெட்ட வந்தவர் வெளியே நின்று என்ன செய்வார்? வலது காலை வைத்துப் போனார்கள். நடக்கிறவன் ஏதாவது ஒரு காலை முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இதில் நான் எங்கே சொல் மாறினேன்? ஆரத்தி குதிரைக்கு. நீங்களே சொல்லுங்கள். அன்றைக்குப் பாயசம் வைத்திருந்ததைச் சொல்கிறார்கள். பால் திரிந்துபோய்விடும் போல இருந்தது, அதனால் காய்ச்சினேன் என்று ராஜாமணியே சொன்னாள்.

அதற்கப்புறம் வாரம் விட்டு வாரம் வந்தார்கள். டாக்டர் என்கிற முறையில்தான். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் குதிரை மிரளும், யாராவது தெரிந்தவர்கள் கூட இருப்பது நல்லது என்று மூன்று நாள் தங்கினார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் குதிரையை மட்டும் ஒதுக்கிவைக்க முடியுமா? வந்தார்கள். நானும் டாக்டரும் ஷெட்டில் உட்கார்ந்து பேசுவோம். குதிரையைப் பற்றித்தான். குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் எங்கெங்கோ போய்விடும் பேச்சு, அவர் அப்பா விழுப்புரத்தில் கபடி விளையாடியது வரைக்கும். நல்ல ரைடராம்.

வைகாசியில் மாற்றல் வந்துவிட்டது. உடுமலை. இப்போது எங்கள் மருந்தகத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறது. கெட்டிக்காரி என்கிறார்கள். வந்து பார்த்தது, குதிரை அந்தப் பெண்ணின் கையை நக்கிக்கொண்டு நின்றது. இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை. சாயங்காலமானால் குதிரை கேட்டுப் பக்கம் திரும்பி ரோட்டையே பார்க்கிறது. தீனி எடுப்பதில்லை. நான் சொன்னேன், ஏங்குகிறது என்று. ராஜாமணி, "அது நல்லாத்தான் திங்குது. நீங்கதான் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போறீங்க" என்றாள். கவனிக்கிறதில்லை அவள்.

நேற்று ராத்திரி நானே போன் பண்ணினேன். கோகிலா எடுத்தாள். இடது முன்னங்காலை ஊன மாட்டேன் என்கிறது அம்மிணி என்றேன். அவள் பதறிப்போய் டாக்டரிடம் கொடுத்தாள். டாக்டர் வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அதெல்லாம் போனில் சொல்ல முடியுமா? வலது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது, நாளைக்குக் காலை பஸ்ஸில் நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எந்தத் தினுசில் நொண்டுகிறது என்று நடந்து காட்டினால்தானே புரியும்? அதற்குத்தான் போகிறேன். வாழ்நாள் முழுக்க பி.டி. வாத்தியார், எந்த நடையும் நடந்து காட்டுவேன்.

அவர்கள் வீட்டுக்கா? இதுவரைக்கும் போனதில்லை. அங்கே மூன்று தெரு தள்ளி இருந்தபோதும் போனதில்லை. அவர்கள் வரக்கூடாது என்றுதானே நான் சொன்னேன், நான் போக மாட்டேன் என்று எங்கே சொன்னேன்? ஆனால் யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நிறுத்தி அனுப்பினவனை எப்படிக் கூப்பிடுவார்கள்? கூப்பிடாமல் எப்படிப் போவது? குதிரைக்கு வைத்தியம் கேட்டுப் போகிறவனுக்கு அழைப்பு வேண்டியதில்லை பாருங்கள், யார் வீட்டுக்கும் போகலாம். எந்தத் தெருவில் வீடு, ஜன்னல் கிழக்கே பார்த்தா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. ராஜாமணிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். "போய்ப் பாருங்க" என்கிறாள்.

உடுமலை வந்துவிட்டதா? பேச்சில் தெரியவில்லை.

அதோ நிற்கிறார்கள். மஞ்சள் சுடிதார், அவள்தான். பக்கத்தில் டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்கள், பார்த்தீர்களா! ஆனால் டாக்டர் கையில் என்ன அது, தோல் பையா? குளம்பு வெட்டுகிற சாமான்கள். அவள் தோளில் துணிப்பை. அட, தண்ணீர் பாட்டில்கூட எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். அடுத்த பஸ்ஸிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு கோபிக்குத் திரும்புகிற ஏற்பாடு. குதிரைக்கு முடியவில்லை என்றால் இப்படியா அவசரப்படுவார்கள்? நான் எதற்கு வந்தேன்?

ஏனுங்க, ஒரு நிமிஷம். போனில் எந்தக் கால் என்று சொன்னேன் என்றேன் உங்களிடம்? இரண்டுமேவா? அட கஷ்டமே.

இருங்கள், அந்த ஜன்னலை முழுக்கத் தள்ளிவிடுங்கள்.

"கோகிலா! இங்க, இங்க, அம்மிணி! அந்தப் பையக் கீழ வெக்கச் சொல்லு. குதிரைக்கு ஒண்ணுமில்ல. காலையில நல்லா நடந்துச்சு. ஆமா, நாலு காலும்தான். நீ எதுக்கு இப்ப அழுகறே? நடு பஸ் ஸ்டாண்டுல... இந்தா, எறங்கிட்டேன். ஊட்டுச் சாவி எங்க இருக்குது, உங்கிட்டயா, மாப்பிள்ளைகிட்டயா?"